இன்ஜின் மாற்றிய அம்பாசடர் பாம்பன் தாண்டுவதற்குள் கொதிக்கிறது: ஹெட்டைக் கழற்றலாமா?

பனங்காடு | ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். எனக்கு உச்சிப்புளிப் பக்கம். வீட்டில் இருப்பது அப்பா ஓட்டிய டீசல் அம்பாசடர். ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் நின்று, தீர்த்தமாட வருபவர்களை ராமேஸ்வரம் கொண்டுபோய்த் திரும்பிய வண்டி. கிராங்க் உடைந்தபின் இரண்டு ஆண்டுகள் வேப்பமரத்தடியில் கிடந்து, கோழி முட்டையிடும் இடமாகிவிட்டது. விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. எனவே உடைத்து விற்கப்பட்ட வேறொரு அம்பாசடரிலிருந்து 1.8 இசுசூ பெட்ரோல் இன்ஜினை கியர்பாக்ஸோடு வாங்கினோம். போர் செய்து, புது பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு உட்கார்த்தி, ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) முகம் சீவி, அதன் அடியில் கசிவு தடுக்கும் புது கேஸ்கெட் போட்டு ஏற்றியாயிற்று. வாட்டர் பம்ப் புதிது, தெர்மோஸ்டாட் (சூடேறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) புதிது. ரேடியேட்டர் மட்டும் பழையது. அதையும் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்துவிட்டார்கள்.

மவுண்டிங் இரண்டு அங்குலம் முன்னால் தள்ளி வந்துவிட்டதால் இன்ஜினோடு சுற்றும் விசிறிக்கு இடமில்லை. அதை எடுத்துவிட்டு, வேறொரு காரின் மின்விசிறியை ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறோம். விசிறி நன்றாகச் சுற்றுகிறது, அதில் குறையில்லை.

நோய் இதுதான்: வீட்டிலிருந்து கிளம்பினால் மண்டபம் வரை சூடு காட்டும் மீட்டர் முள் பாதியில் நிற்கிறது. பாம்பன் பாலத்தில் முக்கால். தங்கச்சிமடத்தில் சிவப்பு, ரேடியேட்டர் தண்ணீர் வழிந்து சேரும் டப்பாவில் கொப்பளிப்பு. ஓட்டிய தூரம் 300 கிலோமீட்டர்கூட இல்லை. இன்ஜின் கட்டியவர், "புது இன்ஜின் இறுக்கமாக இருக்கும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இளகிவிடும்" என்கிறார். இன்னொருவர் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார். புதன்கிழமை ஹெட்டைக் கழற்ற நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்.

வெண்மணல் | ஞாயிறு, இரவு 9.32

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? பனி பெய்யும் நாட்டுக்காரன் வைத்தது. நான் மூன்று வண்டிகளில் எடுத்துவிட்டேன், மூன்றும் ஓடுகின்றன.

கீழக்கரை காக்கா | ஞாயிறு, இரவு 10.05

ஓடும். ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சாலையில் சூடே ஏறாமல் ஓடும். எண்ணெய் குளிர்ந்தே கிடக்கும், சிலிண்டர் தேயும், பெட்ரோல் குடிக்கும். புதிதாக ரிங் போட்ட இன்ஜினுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. பல இன்ஜின்களில் அது திறக்கும்போதே சுற்றுவழியையும் அடைக்கும். எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும், சூடு கூடத்தான் செய்யும். புதியது என்பதாலேயே நல்லது என்று நம்பவும் வேண்டாம். பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். 82 என்று முத்திரை இருந்தால் அந்தச் சூட்டருகே வாய் திறக்கத் தொடங்கி, 95 வருவதற்குள் முழுதும் விரிய வேண்டும்.

பனங்காட்டுத் தம்பி, துபாயில் பதினெட்டு ஆண்டுகள் பணிமனையில் நின்றவன் நான். அங்கே வெயில் 48 டிகிரி போகும், புது இன்ஜினும் கொதிக்காது. இறுக்கத்தால் சற்றுக் கூடுதலாகச் சூடு வரும் என்பது உண்மை. டப்பா கொப்பளிக்கும் அளவுக்கு வராது. இன்ஜின் சூடாகிறது என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. எப்போது சூடாகிறது? நின்ற இடத்தில் ஓடவிட்டால் என்ன ஆகிறது? எந்த வேகத்தில் ஏறுகிறது? நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்றுப் பஞ்சம். வேகத்தில் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம், அல்லது ரேடியேட்டர் போதாமை, அல்லது பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்). இக்னிஷன் பின்தங்கினால் நெருப்பு பிஸ்டனைத் தள்ளாமல் ஹெட்டையும் எக்ஸாஸ்டையும் சுடும். டைமிங் விளக்கு வைத்துப் பார்த்தார்களா, காதால் கேட்டு வைத்தார்களா?

மீட்டர் முள்ளையும் நம்பாதீர்கள். இசுசூ சென்சாரை அம்பாசடர் மீட்டரோடு இணைத்திருந்தால் அந்த முள் ஜோசியம்தான் சொல்லும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பளபளக்கும் உலோகத்தில் நேராக அளந்தால் குறைத்துக் காட்டும். காகித ஒட்டுநாடா ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். ரப்பர் ஹோஸில் நேரடியாகவே அளக்கலாம். மேல் ஹோஸ் (இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போவது), கீழ் ஹோஸ் (திரும்பி வருவது) இரண்டின் சூடும் எனக்கு வேண்டும்.

முதுகுளத்தூர் மிளகாய் | ஞாயிறு, இரவு 10.20

இரண்டே கேள்வி. ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள்? உங்கள் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீர் என்றால் அதில் கருவாடே ஊறப்போடலாம். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பித்தளை ரேடியேட்டர், நடுவில் உப்புத் தண்ணீர்: இதற்குப் பெயர் இன்ஜின் இல்லை, பேட்டரி. அலுமினியம் கரைந்துகொண்டே போகும்.

அடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் எரிபொருளும் மாறியாயிற்றா?

பனங்காடு | திங்கள், காலை 6.50

காக்கா, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. டைமிங் காதால் வைத்ததுதான். இன்று விளக்கு வைக்கச் சொல்கிறேன். வெப்பமானியும் இன்று வாங்கிவிடுவேன்.

நின்ற இடத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டும் கொதிக்கவில்லை, முள் பாதிக்குச் சற்று மேலே போய் நிற்கிறது. விசிறி நல்லது என்று நான் சொன்னது அதனால்தான். ஏறுவதெல்லாம் 40, 50 வேகத்தில்.

மிளகாய், முதல் இரண்டு நாள் ஆழ்துளைத் தண்ணீர்தான். ஒப்புக்கொள்கிறேன். பிறகு முழுதும் வடித்து, மூன்று முறை அலசி, பேட்டரிக்கு ஊற்றும் வாலைநீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி ஊற்றியாயிற்று. ஆர்.சி.க்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி விண்ணப்பித்திருக்கிறேன். இதுவரை ஊருக்குள்தான் சோதனை ஓட்டம் என்று எழுத ஆசை. ஆனால் தங்கச்சிமடத்தில் கொதித்ததை மேலே எழுதிவிட்டேனே.

முதுகுளத்தூர் மிளகாய் | திங்கள், காலை 7.05

நான் ஒன்றும் படிக்கவில்லை. அது கையில் வரும்வரை வீட்டுச் சாலையைத் தாண்ட வேண்டாம்.

கீழக்கரை காக்கா | திங்கள், காலை 7.40

ஹெட் கேஸ்கெட்டை இன்று காலையிலேயே பார்த்துவிடலாம், செலவில்லை. இரவெல்லாம் ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை விளிம்புவரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடான இன்ஜினில் மூடியில் கை வைக்கவே கூடாது, முகம் வெந்துபோகும். சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வந்தால் நிற்காமல் குமிழி வரும். மூடியைப் போட்டு ஓட்டினால், இன்ஜின் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மேல் ஹோஸ் கல்லாகிவிடும். பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டிருந்தாலும் இன்ஜின் கொதிக்கும், பின் சிலிண்டர்களின் தண்ணீர்த் துளைகள் அடைபட்டுவிடும். அதைக் கழற்றாமல் கண்ணால் பார்க்க முடியாது. பின்பக்க ஹெட்டின் சூட்டை முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் ஓரளவு தெரியும். மூடியில் என்ன எண் இருக்கிறது என்றும் பாருங்கள். 0.9 (பார் அழுத்தம்) என்று இருந்து, அது அழுத்தத்தையும் பிடித்தால், வெறும் தண்ணீரே 118 டிகிரிவாக்கில்தான் கொதிக்கும்.

பனங்காடு | திங்கள், இரவு 8.30

ஒரு நாள் முழுக்க இதே வேலை. குமிழி: முதலில் நாலைந்து வந்தன, பிறகு நின்றுவிட்டன. தங்கியிருந்த காற்று என்று நினைக்கிறேன். மேல் ஹோஸ் பத்து நிமிடம் கழித்தும் மெத்தென்று இருந்தது. நான்கு பிளக்கும் ஒரே நிறம், இளம் பழுப்பு. ஹெட் முன்னும் பின்னும் மூன்று டிகிரிதான் வேறுபாடு. தெர்மோஸ்டாட்டை அம்மாவின் பால் பாத்திரத்தில் தொங்கவிட்டேன். 83-இல் வாய் திறந்தது. (அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குள் வராது என்று உத்தரவாகிவிட்டது.) டைமிங் நான்கு டிகிரி பின்தங்கியிருந்தது, சரிசெய்தாயிற்று. மூடி புதிது, 0.9. ஆனால் அதன் ரப்பர் வளையம் வாயில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கொப்பளிப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் பாலத்துக்குச் சற்று முன்புவரை ஓட்டிப் பார்த்தேன். கொப்பளிக்கவில்லை, ஆனால் முள் முக்காலைத் தாண்டியது. ஓரமாக நிறுத்தி உடனே அளந்தேன்: மேல் ஹோஸ் 104, கீழ் ஹோஸ் 99.

வெண்மணல் | திங்கள், இரவு 8.44

ரேடியேட்டர் போதவில்லை. பழைய டீசலைவிட இந்த 1.8 ஏறக்குறைய இரண்டு மடங்கு குதிரைத்திறன். இரண்டு மடங்கு நெருப்புக்கு அதே பழைய ரேடியேட்டரா? மூன்று வரிசைக் குழாய் உள்ளதாகப் புதிது கட்டச் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா | திங்கள், இரவு 9.10

இந்த முறை வெண்மணல் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் கணக்கு ஒட்டவில்லை. குதிரைத்திறன் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு செலவாகிறது என்பதே சூடு. சமதரையில் 45-இல் போகும் வண்டி, இன்ஜின் எதுவானாலும், கொஞ்சம்தான் கேட்கும். ரேடியேட்டர் சிறியதென்றால் 90-இல், நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது முதலில் தெரிய வேண்டும்.

104-க்கும் 99-க்கும் நடுவே ஐந்துதான். தண்ணீர் சரியாக ஓடாவிட்டால், ரேடியேட்டரில் தேங்கி நன்றாக ஆறி, கீழே மிகக் குளிர்ந்து வரும், வேறுபாடு பெரிதாகும். இங்கே தண்ணீர் வேகமாகச் சுற்றுகிறது, போன சூட்டோடேயே திரும்பி வருகிறது. ரேடியேட்டர் சூட்டை வெளியே விடவில்லை. ஒன்று வெளிப்பக்கம் இதழ்களில் (குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகளில்) அடைப்பு, அல்லது காற்று இல்லை. இதழ்கள் எப்படி இருக்கின்றன? கடற்காற்றில் பச்சைப் பொடியாக உதிர்கின்றனவா?

பனங்காடு | திங்கள், இரவு 9.25

இதழ்கள் நன்றாகவே உள்ளன. விளக்கைப் பின்னால் பிடித்தால் எல்லாக் கண்ணிலும் வெளிச்சம் தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை. போகும்போது முக்காலைத் தாண்டிய முள், ஆறவிட்டு அதே வேகத்தில் வீடு திரும்பும்போது பாதியைத் தாண்டவில்லை. போன வாரம் தங்கச்சிமடத்தில் கொதித்த அன்றும் இப்படித்தான், திரும்பும்போது சாதுவாக வந்தது. மாலையில் வெயில் தணிந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வாடைக்காற்று | திங்கள், இரவு 10.02

இதைப் போய்க் கடைசியில் சொல்கிறீர்களே!

நான் மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் பார்த்தவன். எங்களுக்குக் கடலே ரேடியேட்டர், விசிறி என்ற தொல்லை கிடையாது. அதனால்தான் இதுவரை பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் காற்று எனக்குத் தெரியும். இது ஆடி. கச்சான் வீசுகிறது, மேற்கிலிருந்து. நீங்கள் உச்சிப்புளியிலிருந்து கிழக்கே போகிறீர்கள், காற்று உங்கள் முதுகில். 45-இல் போகும் வண்டிக்குப் பின்னாலிருந்து 30-இல் காற்று வந்தால் கிரில்லுக்குக் கிடைப்பது 15. திரும்பும்போது அதே 45-க்கு 75 கிடைக்கிறது. வெயில் அல்ல, திசை.

நாளை விசிறியின் வயரைக் கழற்றிவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். முள்ளில் ஒரு கண் இருக்கட்டும்.

வெண்மணல் | திங்கள், இரவு 10.11

கொதிக்கிற வண்டிக்கு விசிறியைப் பிடுங்கச் சொல்கிறாரே! தெர்மோஸ்டாட்டை எடுக்கச் சொன்ன நான் இப்போது நல்லவன்.

சாயல்குடிக்காரி | திங்கள், இரவு 10.48

அவர் சரியாகத்தான் சொல்கிறார். பனங்காடு, விசிறி ஓடத் தொடங்கும் ஓசை உங்களுக்குக் கேட்குமே, அதற்குப் பிறகு முள் இறங்குகிறதா, ஏறுகிறதா?

இன்னொன்று. அந்த விசிறி எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அதில் அது ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுத்திருக்கும். அதன் கூட்டின் வாய் ரேடியேட்டரைப் பார்த்து இருக்கும். நீங்கள் முன்னால் மாட்டும்போதும் அதே வாய் ரேடியேட்டரைத் தொடும்படிதானே மாட்டியிருப்பீர்கள்? அப்படியென்றால் விசிறியே அரைவட்டம் திரும்பிவிட்டது. வயரைப் பழையபடியே கொடுத்திருந்தால் அது இப்போது காற்றை ரேடியேட்டரிலிருந்து பிடுங்கி, கிரில் வழியாகச் சாலைக்கு ஊதிக்கொண்டிருக்கிறது.

நின்ற இடத்தில் இது தெரியாது. எந்தத் திசையில் ஊதினாலும் ரேடியேட்டர் ஆறத்தான் செய்யும். வண்டி நகர்ந்தால்தான் சண்டை. முன்னாலிருந்து வரும் காற்றும் விசிறிக் காற்றும் ரேடியேட்டருக்குள் முட்டிக்கொண்டு இரண்டும் நின்றுவிடும். பலமான எதிர்காற்றில் விசிறி தோற்றுப்போகும், வண்டி பிழைத்துக்கொள்ளும்.

ஓர் ஊதுபத்தி கொளுத்தி கிரில்லுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள்.

பனங்காடு | செவ்வாய், காலை 7.20

விசிறி ஓடத் தொடங்கிய பிறகுதான் முள் வேகமாக ஏறும். சூடு அதிகமானதால் விசிறி ஓடுகிறது, சூடு அதிகமானதால் முள்ளும் ஏறுகிறது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலையில் அப்பா பூஜைக்கு வைத்திருந்த ஊதுபத்தியில் இரண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, காற்று படாமல் சாக்கு கட்டினேன். இன்ஜினை ஓடவிட்டு விசிறி வரும்வரை குந்தியிருந்தேன். பத்தியைக் கிரில்லுக்கு ஒரு சாண் முன்னால் பிடித்தேன். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. விசிறி சொடுக்கென்று கிளம்பியதும் அந்தப் புகை முழுவதும் மடங்கி என் முகத்துக்கு வந்தது. கூடவே ரேடியேட்டர் சூடு, அடுப்பைத் திறந்ததுபோல. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து வெளியே வருதே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஹெட் கழற்றுபவருக்கு நாளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கீழக்கரை காக்கா | செவ்வாய், காலை 8.00

சாயல்குடித் தங்கச்சிக்கு என் வணக்கம். விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்று தம்பி சொன்னதை நம்பினேனே தவிர எந்தப் பக்கம் ஊதுகிறது என்று கேட்கவில்லை.

சாயல்குடிக்காரி | செவ்வாய், காலை 8.35

இருக்கட்டும் காக்கா. பனங்காடு, வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், காற்று உள்ளே போகும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். இறக்கையின் வளைவு பழைய சுழற்சிக்காகச் செய்தது. எதிர்த்திசையில் சுற்றினால் கரண்டியின் முதுகால் குழம்பு அள்ளுவதுபோல் பாதிக் காற்றுதான் வரும். இறக்கையைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பி மாட்ட வேண்டும். இறக்கையை மட்டும் திருப்பிவிட்டு வயரை மாற்றாமல் விட்டாலும் பலனில்லை. காற்று பழைய திசையிலேயே, இன்னும் குறைவாக வரும். இரண்டையும் செய்தால்தான் முழுக் காற்று. எதிர்ச்சுழற்சியில் நட்டு கழன்றுவிடாமல் மரைக்குப் பூட்டுப் பசை இடுங்கள்.

வாடைக்காற்று | செவ்வாய், காலை 9.15

ரேடியேட்டருக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள். காற்று சோம்பேறி, இதழ் வழியே போகச் சொன்னால் சந்து வழியே போய்விடும். பழைய மிதியடி ரப்பரே போதும்.

பனங்காடு | வியாழன், இரவு 9.05

செய்தாயிற்று. வயர் மாற்றி, இறக்கை திருப்பி, இரண்டு பக்கமும் ரப்பர் அடைத்தோம். ஊதுபத்திப் புகை இப்போது கிரில்லுக்குள் ஓடி மறைகிறது. மிளகாய் கண்ணை மூடிக்கொள்ளவும்: கச்சான் முதுகில் அடிக்க மண்டபம் வரை 45-இல் போனேன். மேல் ஹோஸ் 91, கீழ் ஹோஸ் 79. திரும்பும்போது மேலே 89.

பத்து நாளாகக் கொதித்த இன்ஜினின் எண்ணெயையும் மாற்றிவிட்டேன். ஹெட் போல்ட்டுகளைக் கட்டியவரே வந்து முறுக்குக் கருவி வைத்துப் பார்த்தார், எல்லாம் அளவில் இருந்தன. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இளகும் என்றவர் இவர்தான். விசிறியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, கூலியில் இருநூறு குறைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம் மிச்சம். இரவில் ஹெட்லைட் போட்டால் மீட்டர் முள் ஒரு கோடு ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. வெப்பமானியில் மாற்றமில்லை.

வெண்மணல் | வியாழன், இரவு 9.20

தெர்மோஸ்டாட்?

பனங்காடு | வியாழன், இரவு 9.22

உள்ளேதான் இருக்கிறது அண்ணன்.

சாயல்குடிக்காரி | வியாழன், இரவு 9.50

ஹெட்லைட்டுக்கு ஏறும் முள் எர்த் கோளாறு. புது இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருந்த பின்னல் பட்டையை ஏற்றும்போது மாட்ட மறந்திருப்பார்கள். கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள், ஒரு போல்ட் சும்மா இருக்கும். பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். நம் காற்றுக்கு ஆறு மாதத்தில் பச்சை பிடித்துவிடும்.

பனங்காடு | வெள்ளி, காலை 7.10

பட்டை டிக்கியில் கிடந்தது. அப்பா இன்னும் எடுக்க விடாமல் வைத்திருக்கும் தண்ணீர்க் குடத்துக்கு அடியில்.